எலக்ட்ரானின் நிறையும் என் நான்காம் அத்தியாயமும்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தையல்கடையில்தான் முதன்முதலாக எனக்குச் சந்தேகம் வந்தது. வருஷம் இரண்டாயிரத்து இரண்டு. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு மூன்றே நாள். அதற்கென்று தைக்கக் கொடுத்த ரவிக்கையைப் போட்டால் கையைத் தூக்க முடியவில்லை.

"இன்னாம்மா பண்றது," என்றார் தையல்கார அக்கா. "பழைய டேப்புல அளவு எடுத்தேன், புச்சுல வெட்டிட்டேன். பழசு இழுத்துகினு கீது."

"இத்தனை வருஷமா அதுலதானே தச்சீங்க? அப்பல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"அளக்கறதும் அதுல, வெட்டறதும் அதுல. அப்பால எப்டிம்மா தெரியும்?"

ஐயோ என்றிருந்தது எனக்கு. என் ஆய்வேட்டின் உயிரே நான்காம் அத்தியாயம். பிரபஞ்சத்துக்கு வயதாக ஆக எலக்ட்ரானின் நிறை மாறுகிறது என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். சரி, எதோடு ஒப்பிட்டு மாறுகிறது? மற்ற எல்லா நிறைகளும் கூடவே அதே விகிதத்தில் மாறினால், உலகத்தில் ஒன்றுமே மாறவில்லை என்றுதான் அர்த்தம். இழுத்துப்போனது என் டேப் மட்டும்தான். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்க நான்கு வருஷமாக இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன். கடலோரத்துக் குவார்ட்டர்ஸில் கணவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் சமையல் மேடையில் காகிதத்தை விரித்து வகுத்தேன். புரோட்டானின் நிறையை எலக்ட்ரானின் நிறையால் வகுத்ததும், காலத்தைக் குறிக்கும் எழுத்து மேலும் கீழும் அடிபட்டுக் காணாமல் போனது. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் போனது. நான்காம் அத்தியாயமும் அதோடு போனது.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் செய்தேன்.

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றார். "நீயா வாயத் திறக்காதே. என் பேரும் அதுல இருக்கு."

தேர்வன்று ஒருவரும் கேட்கத்தான் இல்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடைசியில் சிரித்தபடி, "நாலாவது அத்தியாயம் பிரமாதம். என் மாணவங்க ரெண்டு பேர்கிட்ட இதையே தொடரச் சொல்லப் போறேன்," என்றார்.

இரண்டு பேர். அவர்களுக்கும் நான்கு நான்கு வருஷம்.

"வேண்டாம் சார்," என்றேன். "அது தப்பு."

பட்டம் கிடைக்க மேலும் இரண்டு வருஷம் ஆனது. என் வழிகாட்டி அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.