நீளப் பெயரும் புது கம்ப்யூட்டரும்

கிள்ளானில் நாங்கள் வாடிக்கையாகப் போகும் கிளினிக்கில் கம்ப்யூட்டரை மாற்றிய வாரம்தான் என் வீட்டுக்காரருக்குக் கால் பெருவிரல் புண் வீங்கிக் காய்ச்சல் கண்டது. இனிப்புநீர்க்காரர், சர்க்கரை வியாதி. முன்பு அங்கே போட்ட ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாமல் மூச்சடைத்துப் பிழைத்தவர். அது எந்த மருந்து என்பது அவருடைய ஃபைலில்தான் இருந்தது. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும்.

அங்கே அடையாளக் கார்டில் உள்ள பெயரைத் தட்டினால் கம்ப்யூட்டரே எழுத்துகளைக் கணக்குப் போட்டு ஒரு எண் சொல்லும். அந்த எண் போட்ட தட்டில் ஃபைல் இருக்கும். கவுண்டரில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிப் பெண் மூன்று முறை போய் வெறுங்கையோடு வந்தாள்.

"அந்தத் தட்டுல இல்ல ஆன்டி. வேற கிளினிக்ல பார்த்தீங்களா?"

"பதினோரு வருஷமா இங்கதான்மா வரோம். நீ வேலைக்கு வர்றதுக்கு முந்தியே."

எங்களுக்குப் பின்னால் வந்த சீனப் பெண்மணிக்குக் குட்டிப் பெயர். அவர் ஃபைல் உடனே வந்துவிட்டது.

"ஆளு இங்க இருக்கேன், ஃபைலுதான் ஓடிப்போச்சு லா" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். காய்ச்சலில் உதடு நடுங்கியது.

டாக்டர் என்னைக் கேட்டார். "என்ன ஊசின்னு ஞாபகம் இருக்காம்மா?"

"தண்ணி மாதிரி இருந்துச்சு டாக்டர்."

"எல்லாமே அப்படித்தாம்மா இருக்கும்."

யாரிடமும் தலைகுனிந்து நின்றவள் இல்லை நான். அன்று நின்றேன். டாக்டர் ஊசி போடத் துணியவில்லை. மாத்திரை கொடுத்தார். நான்காம் நாள் விரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள்.

பிறகு கட்டு மாற்றப் போனபோது பிரிக்பீல்ட்ஸிலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்திருந்தார்.

"பழைய மெஷின்ல எண்ணுக்கு இடம் சின்னது ஆன்டி. லோரி மீட்டர் நிறைஞ்சா திரும்ப முதல்லேர்ந்து ஓடும்ல, அதுமாதிரி நீளப் பேரோட கணக்கு நிறைஞ்சு வேற எண்ணாயிடும். புதுசுல இடம் பெருசு, நிறையாது. அதான் ஒரே பேருக்கு ரெண்டு எண்ணு. குட்டிப் பேருக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான்."

"உங்க அப்பா பேரும் சேர்ந்ததால வந்த வினை" என்றேன் இவரிடம்.

"எங்கப்பாவ ஏன்டி இழுக்குற?" என்றார் இவர்.

பழைய எண்ணுள்ள தட்டில் ஃபைல் பத்திரமாக இருந்தது. அந்த ஊசியின் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அதைப் பெரிதாக எழுதி வாங்கிவந்து, பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். ஏழு நாளில் கைக்கு வந்துவிட்டது. விரலை எடுத்து அப்போது இரண்டு வாரமாகியிருந்தது.