கையில இருக்கா, கீழ வச்சாச்சா?

சட்டைக் காலரை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியபடியே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டு கேட்கிறார்: "முடிச்சீங்களான்னு கேக்கலீங்க. கையில இருக்கா, கீழ வச்சாச்சா? அதை மட்டும் சொல்லுங்க."

சலவைக்கடைக்காரர். எங்களுக்கு அக்கா. கைபேசித் திரையில் இருப்பதை உரக்க வாசித்துக் காட்டும் திறமூல மென்பொருள் ஒன்றை, சம்பளம் இல்லாமல், பதினோரு பேர் சேர்ந்து எழுதுகிறோம். அக்காவுக்கு நிரலில் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. ஆனால் அவர் கணவருக்குப் பார்வை இல்லை. பள்ளியில் வரலாற்று ஆசிரியர்; இந்த மென்பொருள் வாசித்தால்தான் அவர் பாடம் தயார் செய்ய முடியும். கைபேசி இயங்குதளத்துக்குப் புதுப்பதிப்பு வரப்போகிறது, மாற்றி எழுதாவிட்டால் அன்றோடு எங்களுடையது ஊமையாகிவிடும் என்று தெரிந்த வாரம், அக்கா எங்கள் குழுவுக்குள் வந்து உட்கார்ந்தார்.

நாங்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்கிறீர்கள்? எந்த முறையில் வேலையை நடத்துவது என்று நான்கு மாதமாகச் சண்டை! அலுவலகம் மாதிரி தினமும் காலைக் கூட்டம் வைத்தோம். மூன்றாம் நாள் இரண்டே பேர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கெடு வைத்தோம், கெடு வந்தது, ஆட்கள் வரவில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சம்பளம் குடுக்கறவங்க கெடு வைக்கலாம். நாம யாரு? என் கடையில வெளுக்கப் போட்ட துணியத் திரும்ப வாங்க ஒரு மாசம் தள்ளிப்போட்டவங்க அப்புறம் வரவே மாட்டாங்க. மறந்துட்டு இல்ல, வெக்கம். தெருவுல என்னைப் பாத்தா எதிர்ப்பக்கம் போறாங்க! 'திட்ட மாட்டேன், வாங்க'ன்னு நானே போன் பண்ணுவேன்."

அவர் வைத்த முறை இவ்வளவுதான். இணையத்தில் எல்லோரும் பார்க்கிற ஒரு பொதுப் பலகை; அதில் ஒரு வேலைக்கு ஓர் அட்டை. பதினான்கு நாள்தான் ஒருவர் கையில் இருக்கும். முடியவில்லையா, எதுவரை வந்தது என்று மூன்று வரி எழுதிக் கீழே வைத்துவிட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது; வேண்டியவர் எடுத்துத் தொடரலாம்.

"இதெல்லாம் ஒரு முறையா?" என்று சிரித்தவன் நான். எண்களை வாசிக்கும் பகுதியை ஐந்து மாதமாக அடைகாத்துக்கொண்டு, குழுவின் செய்திகளைத் திறக்கவே பயந்து திரிந்த மகானுபாவனும் நானேதான்.

"தம்பி, திட்ட மாட்டேன். கீழ வைங்க."

வைத்தேன். அப்பாடா! மறுநாளே எங்கள் குழுவில் இருந்த ஒரு நர்ஸ் அதை எடுத்தார். நான்கே நாளில் முடித்துவிட்டார்.

கைபேசிப் புதுப்பதிப்புக்கு ஒன்பது நாள் முன்பே எங்களுடையது வெளியானது. அன்று நான் கடையில் இருந்தேன். மற்ற பத்துப் பேரும் அழைப்பில். அக்காவின் கணவர் துணிமூட்டை மேல் உட்கார்ந்து ஒரு பாடம் முழுவதையும் கேட்டார். "வருஷத்தைக்கூட தப்பில்லாம வாசிக்குதே! ஜெயிச்சுட்டீங்கய்யா!" என்று தொடையில் தட்டினார். அத்தனை பேரும் கத்தினோம்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் அக்கா பலகையைப் பார்த்தார். உதவிக் குறிப்புகள் எழுதும் வேலை அவர் பெயரில் இருந்தது. பதினான்காம் நாள். எல்லோரும் பார்க்க, நிதானமாக மூன்று வரி தட்டி, தன் அட்டையைக் கீழே வைத்தார்.

நான் கை நீட்டுவதற்குள் அதை எடுக்க மூன்று பேர் பாய்ந்துவிட்டார்கள்.