மாமா நகர்த்திய மாவட்டம்

எங்கள் ரப்பர் தோட்டம் இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருந்தது. சொல்லப்போனால் இரண்டுக்குமே வேண்டாத பிள்ளை. பள்ளிப் புத்தகத்தில் எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானின் ஆறுகள், மலைகள், ஆட்சி செய்த உண்டாங் தலைவர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. வாத்தியார் மனப்பாடம் செய்யச் சொன்னார், செய்தோம். எங்களை ஆண்டதென்னவோ தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தர், பெரிய கிராணிதான்.

கடற்கரைப் பக்கத்து மாவட்டம் தன் சாலைக்குத் தார் போட்டுக்கொண்டே வந்தது. அதன் எல்லைப் பலகை எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அரை மைல் முன்பாகவே ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்றது. தார் அதுவரைதான். அதைத் தாண்டினால் எங்கள் மாவட்டம், செம்மண், மழைக்காலத்தில் முழங்கால் சேறு. தார் முடிகிற இடத்திலேயே பள்ளிப் பேருந்தும் திரும்பிவிடும் என்றார்கள்.

அக்கா அந்த வருடம்தான் ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். இடைநிலைப்பள்ளி டவுனில் இருந்தது. பேருந்து விடிவதற்கு முன்பே வரும். அந்நேரம் அப்பாவும் அம்மாவும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நிற்க வேண்டும். இருட்டில் ரப்பர் காட்டுக்குள் பெண்பிள்ளையைத் தனியாக விடமாட்டேன், பஸ் வாசலுக்கு வந்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் என்னோடு பால் வெட்ட வரட்டும் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். அக்கா யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அந்தத் தார்ச் சாலைக்குக் கல் லோரி ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடு மத்தியானம் காக்கிச் சட்டையும் மஞ்சள் தொப்பியுமாக வந்து, அக்காவையும் என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டார். எல்லைப் பலகையைப் பிடுங்கிப் பின்னால் போட்டார். எங்கள் லயத்தைத் தாண்டியதும் இறங்கிக் குழி தோண்ட ஆரம்பித்தார். யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அக்கா அழாத குறையாகக் கேட்டாள்.

"ராத்திரில பண்ணாதான் திருட்டு. பகல்ல பண்ணா கவர்மெண்டு வேலைலா," என்றார் மாமா.

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து மலாய்க் கிராமத்தின், கம்பத்தின், தலைவரான பெங்குலு மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். நாங்கள் நேரில் பார்த்திருந்த ஒரே அரசாங்கம் அவர்தான். மாமா தொப்பியைக் கழற்றினார். பெங்குலு பலகையைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். பிறகு, இன்னும் கொஞ்சம் தள்ளி எங்கள் கம்பம் வரைக்கும் நட முடியாதா என்று மலாயில் கேட்டார். மாமாவுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

தார் பலகை வரைக்கும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மாமா மாவட்டத்தையே நகர்த்துவார் என்று பள்ளியில் சொல்லிக் காதில் திருகு வாங்கினேன்.

அக்கா அந்தப் பேருந்தில் போனாள். பிறகு பெரிய பேருந்தில் தலைநகருக்குப் போனாள். பிறகு விமானத்தில். அம்மா கடைசிவரை அவள் குரலை அதிகமும் தொலைபேசியில்தான் கேட்டாள். மாமாவும் இப்போது இல்லை. நான் பாரோய் என்ற ஊரில் வீடு வாங்கிக் குடியேறி வெகுகாலமாகிறது.

போன மாதம் காரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். லயம் இருந்த இடமெல்லாம் செம்பனை எண்ணெய்த் தோட்டம். கைத்தொலைபேசி வரைபடத்தில் எல்லைக்கோடு பழைய இடத்திலேயே இருக்கிறது. தார் மட்டும் அதைத் தாண்டி வந்து, எங்கள் வாசல் இருந்த இடத்துக்குச் சற்று அப்பால், செம்பனைக்கு நடுவில் காரணமில்லாமல் முடிகிறது. அங்கே நின்றபோது அந்த வீடும் அந்தக் காலையும் திரும்ப வேண்டும் போல இருந்தது. வேறொன்றும் வேண்டாம் போல இருந்தது.

முதல் நாள் பேருந்து வாசலில் வந்து நின்ற காலை. வேலை மேற்பார்க்கும் மண்டோரிடம் கெஞ்சி அம்மா அன்று பெரட்டுக்குப் போகவில்லை. அக்கா படியில் ஏறி, புத்தகப் பைக்காகக் கையை நீட்டினாள். அம்மா பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். பை தன் கையில் இருப்பதையே அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் பக்கத்தில் நின்று கத்தினேன்.

"பைய குடும்மா, பஸ் போயிடும்லா."