ஓட்டுச் சில்லில் ஒரு பெயர்

பீங்கான் ஆலையில் அவருக்கு வேலை தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் கோப்பையை இடது கையில் தூக்கி மரக்குச்சியால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல், தூக்கிப் போட வேண்டியதுதான். டொக்கு டொக்கு என்று சொல்லிச் சொல்லியே ஆளுக்கும் டொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்போது கூப்பிடவாவது ஆள் இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். மண் ஈரமாக இருக்கும்போதே, செய்தவன் கோப்பையின் அடியில் ஆணியால் தன் எழுத்தைக் கீறிவிட வேண்டும். பழுது வந்தால் யார் கை என்று தெரியும். ஒரு சமயம் விரிசல் கோப்பையாக வந்து குவிந்தது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. மேனேஜர் வந்து, "யாரோட வேலைய்யா இது?" என்றார். டொக்கு ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். நாலு திட்டு விழும், அதோடு போச்சு என்று நினைத்தார். அந்த ஆளை வேலையை விட்டே தூக்கிவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரன்.

அதிலிருந்து டொக்குவிடம் யாரும் வாய் திறப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். மனைவியின் தம்பி அதே ஆலையில்தான் கோப்பை செய்கிறான், குட்டை என்பார்கள், கோப்பை அடியில் கீறுவதும் 'கு'தான். அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்கு வருவதும் நின்றது. அவன் வாயால் 'மாமா' என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்று கிடந்தார் இவர்.

ஒருநாள் மேனேஜர் போகிற போக்கில், "உங்களை ஆஸ்ட்ரசைஸ் பண்ணிட்டாங்க போல" என்று சிரித்துவிட்டுப் போனார். ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருந்தது. சாயங்காலம் கல்லூரியில் படிக்கிற மகளிடம் கேட்டார்.

"ஒருத்தரை யாரும் சேர்த்துக்காம ஒதுக்கி வைக்கிறதுப்பா."

"அதுக்கு ஒரு இங்கிலீஷ் வேறயா?"

அவள் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். "கிரேக்கர்கள்கிட்ட இருந்து வந்த வார்த்தை. ஆஸ்ட்ரகான்னா பானை ஓடு. ஏதென்ஸ்ல ஒருத்தன் ஊருக்கு ஆகாதுன்னு தோணினா, ஜனங்க உடைஞ்ச ஓட்டுல அவன் பேரைக் கீறிப் போடுவாங்களாம். நிறைய விழுந்தா பத்து வருஷம் ஊரை விட்டுப் போயிடணும். அவன் சொத்தைத் தொட மாட்டாங்க. அப்புறம் திரும்பி வரலாம்."

"திரும்பி வரலாமா?"

"வரலாம்ப்பா."

"நல்ல ஜனங்க," என்றார் டொக்கு. "கணக்காச் சொல்லி அனுப்பியிருக்காங்க."

"ஏங்க, சோறு ஆறுது," என்று உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

மறுநாள் மதியம் ஒரு கூடை நிறைய உடைந்த சில்லுகளையும் ஓர் ஆணியையும் சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

"நான் போகணும்னு நினைக்கிறவன் இதுல ஒண்ணை எடுத்து என் பேரைக் கீறிப் போடு. ஒரே ஒருத்தன் எழுதினாலும் போயிடறேன். யாரும் எழுதலைன்னா, நாளையிலேருந்து மனுஷனை மனுஷனாப் பாருங்க."

யாரும் நிமிரவில்லை. ஒருவன் மட்டும் சுவரைப் பார்த்து, "இங்க என்னமோ டொக்குன்னு சத்தம் வருது, உங்களுக்கும் கேக்குதா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். குட்டை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

வேலை முடிந்ததும் போய்க் கூடையைக் கிளறினார். எல்லாம் வெறும் சில்லு. அவருக்கு மூச்சு வந்தது. அடியில் ஒன்று மட்டும் கவிழ்ந்து கிடந்தது. திருப்பினார். 'டொக்கு' என்று இருந்தது. அந்தக் 'கு'வின் வாலைத் தேள் கொடுக்கு மாதிரி கீழே இழுத்துவிட்டு ஒரு கொக்கி. இத்தனை காலமாக, நாள் தவறாமல், கோப்பை கோப்பையாகக் கவிழ்த்துப் பார்த்த 'கு' அது. ஆணி எடுத்தால் அவன் கை அப்படித்தான் போகும்.

சில்லை வழியில் சாக்கடையில் போட்டார். மேனேஜரிடம் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் பாவி எழுதினான்?"

"கிறுக்கல் எழுத்து. தெரியல."

"எல்லாருமா எழுதினாங்க?"

"ஒரே ஒருத்தன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும் விடுங்க. பேசலைன்னாலும் என் தம்பி உங்களுக்கு எதிரா எழுதலையே. ரத்த பாசம் எங்க போகும்?"

டொக்கு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஆமா," என்றார்.