அனுப்புநர்: மணி அண்ணன்

போன சனிக்கிழமை எண்ணூர் பக்கம் போக வேண்டியிருந்தது. பைக்கில்தான். அந்த ரோட்டில் பைக் ஓட்டுவது எப்படி என்று தெரியுமில்லையா... முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர், நடுவில் நாம். வாயைத் திறந்தால் புழுதி. ஒரு கண்டெய்னர் யார்டு வாசலில் ஒருவர் விசில் ஊதி லாரிகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். தலையில் ஈரத்துண்டு. தெரிந்த முகமாக இருக்கிறதே என்று வண்டியை ஓரம் கட்டினேன்.

மணி அண்ணன்.

கையை ஆட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு, வராத லாரிக்கு விசில் ஊதியபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கத்தில்தான் திரும்பினார். அவர் ஏன் இப்படி வெளியே விசிலோடு நிற்கிறார் என்று முந்தின நாள்தான் தெரிந்திருந்தது. என் தங்கச்சியால் வந்த வினை. அவள் ஒன்றும் தப்பு செய்யவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு, ஒழுங்காகத்தான் தன் வேலையைச் செய்தாள். மனசை அறுப்பதே அதுதான்.

மணி அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் எங்கள் தெருவில் ரொம்ப வருஷம் குடியிருந்தவர். இப்போது வீடு திருவொற்றியூரில். லாரி டிரைவர். இடுப்பு வலி வந்து ஸ்டியரிங்கை விட்டார். சும்மா உட்காரவில்லை... ஐம்பதை நெருங்கும் வயதில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனார். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு, அந்த யார்டில் எடைமேடை கேபினில் வேலைக்குச் சேர்ந்தார்.

லாரி மேடை மேல் ஏறி நிற்கும். அண்ணன் கேபினில் பட்டனைத் தட்டுவார். எடை பதிவாகும், சீட்டு வரும், லாரி கிளம்பும். இவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் அதைச் செய்கிற பவிசு இருக்கிறதே! மானிட்டர் ஓரத்தில் சந்தனப் பொட்டு. ஒற்றை விரல். தட்டுவதற்கு முன்னால் வாய்விட்டுச் சொல்வார் — "இப்ப சேவ் அமுக்கறேன்... அமுக்கிட்டேன்."

எங்கள் தெருப்பக்கம் வந்தால், "இன்னும் லாரிதானாண்ணே?" என்று யாராவது கேட்டால் போதும்.

"லாரியா? அத்த வுட்டாச்சு நைனா. இப்ப சிஸ்டம்ல கீறேன்" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இனி தங்கச்சி. பெயர் ஸ்டெல்லா. நெட்வொர்க் டெஸ்டிங் பார்க்கிறாள். கம்பெனிக்காரர்களே கூப்பிட்டு, "எங்கள் பூட்டு உடைகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று வேலை கொடுப்பார்கள். இவள் லேப்டாப்போடு போய் உட்கார்ந்து உடைத்துக் காட்டிவிட்டு வருவாள். இப்படியும் ஒரு உத்தியோகம்.

எப்படி உடைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது சின்னச் சின்னப் பொட்டலங்களாக. பாக்கெட் என்கிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரி இருக்கும், உள்ளே எவ்வளவு சரக்கு என்று இருக்கும், அப்புறம் சரக்கு. இதையெல்லாம் கம்ப்யூட்டரே கட்டி அனுப்பிவிடும், நம் கண்ணில்கூடப் படாது. ஆனால் அந்தப் பொட்டலத்தை நாமே கையால் கட்டுவதற்கென்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. இலவசமாகவே கிடைக்கின்றன. மேலே கொஞ்சம் என்று எழுதி உள்ளே ஏகமாகத் திணிக்கலாம். முக்கியமாக, அனுப்புநர் இடத்தில் இஷ்டப்பட்ட முகவரியைப் போடலாம்.

"யார் அட்ரஸ் வேணா போடலாமா?" என்றேன்.

"போடலாண்ணா. கவர் மேல நீ யார் அட்ரஸ எழுதினாலும் போஸ்ட்மேன் வந்து உன்னக் கேக்கறாரா? அதே கததான்."

"இது ஃபிராடுத்தனமாச்சே..."

"ஃபிராடு பண்றவன் பண்ணுவான்ல? அவனுக்கு முன்னாடி நாங்க பண்ணிப் பாத்துடறோம். ஓட்ட எங்க கீதுன்னு தெரிஞ்சாதானே அடைக்க முடியும்?"

நியாயம்தான். இன்றைக்கும் அது நியாயம்தான். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று எவனோ பேசினால் உடனே நம்பி ஓடிபியைச் சொல்கிற ஜனம்தானே நாம்? நம் மெஷின்கள் மட்டும் எப்படி வேறு மாதிரி இருக்கும்?

அந்த யார்டுக்காரர்கள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். எடைமேடை மெஷின் கேபின் கம்ப்யூட்டர் சொன்னால் மட்டும்தான் கேட்கும். வேறு யாராவது கேபின் மாதிரி நடித்தால்? எடையை மாற்றிவிடலாமே. அதைச் சோதிக்க வேண்டும். ஒரே நிபந்தனை: தலைமை ஆபீஸில் இருப்பவரைத் தவிர யார்டில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள், அப்புறம் அது என்ன டெஸ்ட்?

லாரி குறைவாக வரும் ஞாயிற்றுக்கிழமை மதியமாகப் பார்த்துப் போனாள். ஆபீஸ் மாடியில் ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். கேபின் கம்ப்யூட்டரின் முகவரியை அனுப்புநராகப் போட்டு, பொட்டலம் கட்டி அனுப்பினாள். மெஷின் சந்தேகமே இல்லாமல் வாங்கிக்கொண்டது. அடுத்து, அளவு பொருந்தாத பொட்டலம் ஒன்று. மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டும் எழுந்திருக்கவில்லை. அம்பத்தூரிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தால்தான் ஆச்சு.

ஸ்டெல்லா உடனே தலைமை ஆபீஸுக்கு போன் போட்டாள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அதுவரை யாரிடமும் பேச வேண்டாம்" என்றார்கள். கிளம்பிவிட்டாள். கேபினில் உட்கார்ந்திருந்தது மணி அண்ணன் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு யார்டில் வேலை என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். "எனக்கு அந்தக் கேபின் ஒரு நம்பருண்ணா... மூணு புள்ளி வெச்ச ஒரு நம்பரு" என்று பின்னால் சொல்லிச் சொல்லி அழுதாள்.

கீழே நடந்தது இது. குறைவாக வரும் என்று நினைத்த லாரிகள் அன்றைக்குப் பார்த்து வரிசை கட்டி ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. ஒரே ஹாரன். யார்டு மேனேஜர் ஓடிவந்து சர்வரில் இருந்த பதிவைப் பார்த்தார். மெஷின் நிற்பதற்கு முன்னால் கடைசியாக வந்த உத்தரவு எங்கிருந்து? கேபின் கம்ப்யூட்டரிலிருந்து.

"இன்னா மணி அமுக்குன?"

"ஒண்ணும் அமுக்கல சார். டீ குடிச்சுகினு இருந்தேன்."

"உன் சிஸ்டத்துலேர்ந்துதான் வந்திருக்கு. இதோ, நீயே பாரு."

அண்ணன் பார்த்தார். அந்த நம்பர் அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் வெளியே ஹாரன் புரிந்தது. "நான்தான் சார். தெரியாம எதனா அமுக்கிட்டேன் போல. தப்பு என்னுதுதான்" என்றார்.

ஏன் சொன்னார் என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் வடசென்னையில் லாரிக்காரர்களோடு பழகியிருந்தால் கேட்க மாட்டீர்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. டிரெய்லர் கேட்டில் உரசிவிட்டதா? யார் சரி, யார் தப்பு என்று பேச ஆரம்பித்தால் பொழுது போய்விடும், பின்னால் நிற்கிற வண்டிகள் அத்தனையும் நாறிவிடும். அதனால் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர், "விடுங்கப்பா, நான்தான், என் தப்புதான்" என்று சொல்லிவிடுவார். ரெண்டு திட்டு விழும். வாங்கிக்கொள்வார். வண்டி நகரும். சாயங்காலம் திட்டினவரே டீ வாங்கிக் கொடுப்பார். மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒத்துக்கொள்வது இங்கே குற்றவாளியின் வேலை இல்லை, பெரிய மனுஷனின் வேலை.

அந்தப் பழக்கத்தில்தான் மணி அண்ணன் சொன்னார். பாவம், கேபினில் டீ வாங்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. திங்கட்கிழமையே நாற்காலி போனது. வெளியே நின்று விசில் ஊதச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவின் ரிப்போர்ட் போனது. அனுப்பியது நான், கேபின் பெயரைப் போட்டது நான், ஆப்பரேட்டருக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தாள். அப்பாடா, விஷயம் முடிந்தது என்றுதானே நினைப்போம்?

அன்று மாலையே மேனேஜர் போன் செய்தார். "மேடம், நீங்க எழுதினது புரியுது. ஆனா எங்க ஆப்பரேட்டர் மணி, நான்தான் அமுக்கினேன்னு ஒத்துக்கிட்டாரே?"

அப்போதுதான் அவளுக்குப் பெயர் தெரிந்தது. வயது என்ன, எந்த ஊர், முன்னால் லாரி ஓட்டினவரா என்று கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு கெஞ்சியிருக்கிறாள். அவர் எதுவும் அமுக்கவில்லை சார், என்னிடம் ஆதாரம் இருக்கிறது சார்...

"அதாம்மா எங்களுக்குப் பிரச்சனையே" என்றாராம் மேனேஜர். "செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றாருன்னா, தான் என்ன செய்யறோம்னே அவருக்குத் தெரியல. அப்படிப்பட்ட ஆள நம்பி மெஷினக் குடுக்க முடியுமா?"

எப்படி இருக்கிறது பாருங்கள். குற்றம் செய்ததாக நினைத்து வெளியே அனுப்பினார்கள். குற்றம் செய்யவில்லை என்று தெரிந்ததும், அதே காரணத்துக்காக வெளியிலேயே நிற்கவைத்துவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? மேனேஜரை நன்றாகத் திட்டலாம் என்று பார்த்தால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேனோ என்று ஒரு எண்ணம் வந்து தொலைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். முந்தின நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், வாசலில் எங்களைப் பார்த்ததும், "வா நைனா, வா பாப்பா, வூட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்றார். அண்ணி டீ போட உள்ளே போனார். ஸ்டெல்லா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அப்ப நான் எத்தையும் அமுக்கலியா?" என்றார்.

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

அண்ணி டம்ளரோடு வந்து நின்றார். "நான் சொன்னா கேட்டாரா? சோறு துன்னும்போதுகூட வெரலப் பாத்துகினே இருந்தாரு, எத்த அமுக்கினேன், எத்த அமுக்கினேன்னு."

நாற்காலி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனுஷன் தன் விரலையே சந்தேகப்பட்டிருக்கிறார்.

"நாளைக்கு மேனேஜரப் போய்ப் பாருங்கண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "அன்னிக்கு லாரிங்க நகரணும்னுதான் ஒத்துக்கிட்டேன், நான் அமுக்கலன்னு சொல்லுங்க. நானும் வரேன்."

அவர் டம்ளரை வாங்கி என் கையில் கொடுத்தார். "போய் சொன்னா, அன்னிக்குப் பொய் சொன்னேன்னு ஆவும். சொல்லாட்டி, வேல தெரியாதவன்னு ஆவும். பொய் சொல்றவன எவனாவது மெஷின்ல உக்கார வெப்பானா பாப்பா?"

இந்தப் பத்தியில் ஊருக்கெல்லாம் வாராவாரம் புத்தி சொல்கிற ஆசாமி நான்... டீயைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தவறாகப் பதிவு செய்ததைத் திருத்த ஒரு ரிப்போர்ட் போதுமாக இருந்தது. இவர் வாயால் சொன்னதைத் திருத்த எங்களிடம் ஒன்றுமே இல்லை.

ஸ்டெல்லா பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். "என்னாலதாண்ணே... உங்க அட்ரஸ நான்தாண்ணே போட்டேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணிக்கும் கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மணி அண்ணன் எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்தார். "அட, விடு பாப்பா. நீ இன்னா பண்ணுவ? நான்தான் அவசரப்பட்டு உளறிட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார்.

செய்யாத தப்பை ஒத்துக்கொள்ளாதீர்கள், நல்ல மனுஷர்களே... நம்பிவிடுகிறார்கள்.