சித்தி வரைந்த கதவு

கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் வீட்டு உள்ளறைக் கதவில் சித்தி படம் வரைந்தபோது எனக்கு எட்டு வயது. சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, தினமும் பஸ்ஸில் செங்கல்பட்டு போய் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஃபில். படித்தாள். நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ப்ளூம்ஸ்பரி என்ற பகுதியில் கூடிப் பேசிய எழுத்தாளர்களும் ஓவியர்களும்தான் அவளுடைய ஆய்வு. அவர்களில் சிலர் கிராமத்தில் ஒரு வீடு பிடித்து, கதவு, அலமாரி, குளியல் தொட்டி என்று எதையும் விட்டுவைக்காமல் வரைந்திருந்தார்கள்.

"யாரு யார்மேல ஆச வெச்சாலும் அங்க யாரும் யாருக்கும் பதில் சொல்லல" என்று சித்தி தன் தோழியிடம் சொல்வாள். வியாழக்கிழமைதோறும் வரும் அந்தத் தோழி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரிப்பாள்.

எங்கள் கதவில் சதுரங்கப்பட்டினம் கடற்கரை வந்தது. மணலில் இரண்டு பெண்கள் முதுகோடு முதுகு சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பெரிய குவார்ட்டர்ஸ் கேட்டு மனு போட்டிருந்தார். அதற்காக வீட்டைப் பார்வையிட வந்த ஊழியர் கதவின் முன் நின்றுவிட்டார்.

"இன்னா மேடம் இது? கவர்மென்ட் கதவு."

"பெரிய லண்டன் எழுத்தாளருங்க வூடே இப்படித்தான் சார் கீது" என்றாள் சித்தி.

"அது அவங்க சொந்த வூடு."

"இல்ல சார், வாடக வூடு."

"ஓனர் சும்மாவா வுட்டான்?"

மறுநாளைக்குள் பழையபடி சாம்பல் நிறம் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பெயிண்ட் வாங்கி வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். அவர் அந்தப் படத்தை நின்று பார்த்ததே இல்லை. அம்மாவும் அன்றுதான் குனிந்து பார்த்தாள். பிறகு, கண்ணாடி போட்ட பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இது அவதான?"

சித்தி பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பினாள்.

"ஊர்ல நம்ம அப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வந்து உன்ன இட்டுகினு பூடுவாரு. எவனுக்காவது கட்டி வெச்சுடுவாரு. படிப்பும் போச்சு, எல்லாம் போச்சு. உங்க மாமா ஷிப்டு முடிஞ்சு வர்றதுக்குள்ள மொதல்ல இவள அழிச்சுடு."

"சரிக்கா."

ஆனால் சித்தி படத்தில் இருந்த தன் உருவத்திலிருந்துதான் அழிக்க ஆரம்பித்தாள். அப்புறம் படகுகள், கடல், மணல். கண்ணாடிக்காரி மட்டும் சாய்ந்துகொள்ள ஆளில்லாமல் கடைசிவரை இருந்தாள். அம்மா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, அவசரப்படுத்தவில்லை.

சரியாக வராத படத்தைத்தான் முதலில் அழிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தத் தோழியோ அச்சு அசலாக வந்திருந்தாள். அவ்வளவு நன்றாக வந்த படம் அம்மாவுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.