வேடங்கொல்லையின் நாற்பத்திரண்டாவது வீடு

மதார் சாகிப் திருவண்ணாமலைக்காரர். சர்வே பார்ட்டியில் கொடி பிடிக்கிற வேலை. என்னோடு எட்டு வருஷம் மலையேறியவர். அவர் சொன்னால் சொன்னதுதான். அந்தத் திமிர் எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

1976, ஆடி மாதம். செங்கம் தாண்டி ஜவ்வாது மலை அடிவாரத்தைப் படம் வரைந்துகொண்டிருந்தோம். வேடங்கொல்லைக்குள் நுழைந்தால் ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு கோழிகூடக் கண்ணில் படவில்லை. ‘பாழூர்’ என்று பென்சிலால் எழுதினார் எங்கள் ஆபீசர்.

“எழுதாதீங்க சார்,” என்றார் மதார் சாகிப். “வாசல்ல தெளிச்ச சாணி இன்னும் காயல. பாழூர்னு படத்துல ஏறிட்டா, நாளைக்கு ரோடு, கரண்ட்டு எதுவும் இந்தப் பக்கம் திரும்பாது.”

“பார்த்ததைத்தான் எழுதுவேன். சாயந்திரம் கேம்ப்பைக் கிளப்பறோம்.”

“ஆளுங்களைக் காட்டறேன். காட்டலன்னா நாளைலேருந்து என் கொடியை வேற ஆள் பிடிக்கட்டும்.”

நாலு பிள்ளை பெற்றவன் பேசுகிற பேச்சா இது! அவர் பின்னாலேயே ஓடினேன்; ஆபீசரும் வந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம், புளியந்தோப்பில் ஊரே பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. வருஷத்தில் ஒரு நாள் ஆடுமாடு, கோழி, கைக்குழந்தையோடு ஊரைக் காலி செய்துவிடுவார்களாம். அன்று உள்ளே அம்மன் மட்டும் உலாவுவாளாம். பொழுது சாயும்வரை யாரும் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. வெளியூரார் நாங்கள் தாண்டியதற்கே திட்டு விழுந்தது.

மதார் சாகிப் அசரவில்லை. “தாண்ட வேணாம்மா. கல்லுக்கு வெளிய நின்னே அவங்கவங்க வீட்டைக் கை காட்டுங்க, போதும்.”

ஊரே கல்லோரம் வரிசை கட்டி நின்றது. ஆபீசர் ஒவ்வொரு கையாக எண்ணினார். நாற்பத்தொன்று. கடைசியாகப் பாஞ்சாலை என்கிற பெண் கை நீட்டிய இடத்தில் அரைச்சுவர்தான் நின்றது.

“மழைல உக்காந்துடுச்சுங்க. தையில கட்டிடுவேன், போட்டுக்கோங்க.”

ஆபீசர் தயங்கினார்.

“போடுங்க சார்,” என்றார் மதார் சாகிப். “படம் அச்சாகி வர்றதுக்குள்ள கட்டிடும்.”

ஆபீசர் சிரித்துவிட்டார். பாழூரை ரப்பரால் அழித்துவிட்டு, நாற்பத்திரண்டாவது வீட்டையும் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன வெட்கம்.

படம் அச்சாகி வந்தது 1983-ல். கரண்ட் கம்பம் நட வந்தவர்கள் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். பாஞ்சாலை அப்போது தன் வீட்டுக் கூரையை இரண்டாம் தடவையாக மாற்றிக்கொண்டிருந்தாள்.